பழைய கணிப்பொறிக்குக் கம்பியில்லா இணைப்பு: சிக்கனமான வழிகள்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் ஊர்களில், அங்கத்தினர் இல்லங்கள் பலவற்றில் மேசைக் கணிப்பொறி ஒன்று துணி போர்த்தி மூலையில் வைக்கப்பட்டிருப்பதை நாம் காண்கிறோம். பிள்ளைகளின் படிப்பை உத்தேசித்தோ, சேலைக்குரிய புட்டா வரைவதற்கென்றோ, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கூலியிலும் விளைச்சலிலும் மிச்சம் பிடித்த பணத்தில் வாங்கியது அது. பின்னர் அவ்வில்லங்களுக்குக் கண்ணாடி இழை வழியாக இணையம் வந்தது. முன்கூடத்துச் சுவரில் வைஃபை பெட்டி பொருத்தப்பட்டது. கைப்பேசிகள் யாவும் அதனுடன் இணைந்தன. கணிப்பொறி மட்டும் இணையவில்லை. "இது பழையதாகிவிட்டது, புதியது வாங்கினால்தான் ஆகும்" என்ற பேச்சு எழுகிறது. நகையை அடகு வைத்தோ, கடன் பெற்றோ 30,000, 40,000 ரூபாய் செலவிட முற்படுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இச்செலவு அவசியந்தானா என்பதை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும். பட்டா, சிட்டா நகல்களை அச்சிட்டு எடுப்பதற்கும், மாணவர் நெடுநேரம் கண்ணுக்கு வருத்தமின்றிப் படிப்பதற்கும், வடிவங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கும் கைப்பேசியைவிட மேசைக் கணிப்பொறியே ஏற்றது. ஓடக்கூடிய யந்திரத்தை ஒதுக்கிவிட்டுக் கடனாளியாவது சிக்கனமும் அன்று, கூட்டுறவு நெறியும் அன்று.

குறை எங்கே இருக்கிறது?

கைப்பேசிக்குள்ளும் மடிக்கணினிக்குள்ளும் கம்பியில்லா அலைகளை வாங்கவும் வீசவும் கூடிய சிறு உறுப்பு தயாரிக்கும்போதே அமைக்கப்படுகிறது. பழைய மேசைக் கணிப்பொறிகளில் பெரும்பாலானவற்றில் அவ்வுறுப்பு வைக்கப்படவில்லை. அவை மேசையில் நிலையாக இருப்பவை, ஆதலால் கம்பி வழியாகவே இணைக்கப்படும் என்று கருதி, லேன் கேபிள் செருகும் துளையை மட்டும் வைத்தார்கள். எனவே யந்திரம் முதுமையுற்றதால் இணைய மறுக்கிறது என்று எண்ண வேண்டுவதில்லை. அதற்குக் காது வைக்கப்படவில்லை, அவ்வளவே. நாடா ஒன்று உடைந்தால் தறியையே மாற்றுவோர் உண்டா? உடைந்த உறுப்பை மட்டும் மாற்றுவதுபோல, இல்லாத உறுப்பை மட்டும் சேர்ப்பதே முறையாகும்.

அலைகளின் இயல்பு

வைஃபை பெட்டி வீசுவது வானொலி அலையே. இதற்கான பொதுவிதி முதன்முதலில் 1997 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. 1999, 2003, 2009, 2013 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த விதிகள் வேகத்தைப் படிப்படியாக உயர்த்தின. இன்றைய பெட்டிகளும் பொதுவாகப் பழைய விதியில் பேசும் கருவிகளை ஏற்றுக்கொள்ளும். ஆகவே பழைய கணிப்பொறிக்கு மிகப் புதிய விதியிலுள்ள விலையுயர்ந்த உறுப்பே வேண்டும் என்பதில்லை.

பெரும்பாலான பெட்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு வரிசைகளில் அலை வீசுகின்றன. முன்னது வேகத்தில் குறைந்தது. ஆனால் சுவர்களைக் கடந்து தூரம் செல்லும். பின்னது வேகமானது, ஆனால் சுவர்கள் குறுக்கிட்டால் விரைவில் தேய்ந்துவிடும். வாய்க்கால் நீர் கடைமடைக்குப் போகப்போகக் குறைவதுபோல, முன்கூடத்துப் பெட்டியின் அலையும் பின்கட்டுத் தறிக்கூடத்தை அடையும்போது மெலிந்துவிடுகிறது. கணிப்பொறி எந்த அறையில் இருக்கிறது, நடுவே எத்தனை சுவர்கள் உள்ளன என்பதைப் பொறுத்தே வழியைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

செலவிடுமுன் பார்க்க வேண்டியவை

முதலாவது, கணிப்பொறியின் பின்புறத்தைப் பாருங்கள். விரல் நீளமுள்ள அலைவாங்கியோ, அதைத் திருகுவதற்கான பித்தளை முனையோ இருப்பின், கம்பியில்லா உறுப்பு முன்பே உள்ளே இருக்கிறது. அலைவாங்கியைத் திருகாமல் விட்டதாலேயே அது செயலற்றிருக்கலாம்.

இரண்டாவது, லேன் துளையும் யு.எஸ்.பி. துளைகளும் பழுதின்றி இருக்கின்றனவா என்று பென்டிரைவ் முதலியவற்றைச் செருகிப் பார்த்துக்கொள்ளுங்கள். 2000 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட யு.எஸ்.பி. 2.0 என்னும் முறை நொடிக்கு 480 மெகாபிட் வரை கடத்த வல்லது. வீட்டு இணைப்புக்கு இது தாராளமாகப் போதும்.

மூன்றாவது, யந்திரத்தில் இருப்பது எந்த விண்டோஸ், அது 32 பிட் வகையா 64 பிட் வகையா, நினைவகம் எத்தனை ஜி.பி. என்பனவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நூலின் நம்பர் தெரியாமல் பண்ணை வாங்கச் செல்வோர் இல்லை. இத்தாள் இல்லாமல் கடைக்குச் செல்வதும் அத்தகையதே.

செலவில்லாத வழிகள் இரண்டு

கணிப்பொறியும் வைஃபை பெட்டியும் ஒரே அறையிலோ அடுத்த அறையிலோ இருக்குமாயின், லேன் கேபிளால் இரண்டையும் நேரே இணைத்துவிடுவதே தலைசிறந்த வழி. பெட்டியுடன் ஒரு சிறு கேபிளும் கொடுக்கப்படுவது வழக்கம். அது பெட்டி வந்த அட்டைப்பெட்டியிலேயே கிடக்கக்கூடும். கேபிளின் இரு முனைகளையும் செருகியவுடன், வேறு ஏற்பாடு எதுவுமின்றிப் பெரும்பாலும் இணைப்புக் கிட்டிவிடும். சுவரும் தூரமும் இதன் வேகத்தைக் குறைப்பதில்லை. இத்தகைய கேபிளை 100 மீட்டர் வரை நீட்டலாம் என்பது விதி. ஆயினும் தோட்ட வீட்டிலிருந்து மாட்டுக்கொட்டகைக்கோ, ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றிற்கோ வெட்டவெளியில் செப்புக் கேபிளைத் தொங்கவிடலாகாது. இடி மின்னற்காலத்தில் இருமுனையிலுள்ள கருவிகளும் சேதமடையும். கம்பியில்லா முறைக்கு உரிய இடம் அதுவே.

இரண்டாவது வழி கைப்பேசியையே கணிப்பொறியின் காதாகக் கொள்வது. ஆண்ட்ராய்டு கைப்பேசியை வைஃபையுடன் இணைத்து, மின்னேற்றும் கேபிளால் கணிப்பொறியின் யு.எஸ்.பி. துளையில் செருக வேண்டும். பின் கைப்பேசி அமைப்புகளில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்க வேண்டும். கைப்பேசி வாங்கும் வைஃபை இணைப்பு கேபிள் வழியே கணிப்பொறிக்குச் செல்லும். விண்டோஸ் 10 இலும் லினக்சிலும் இது பெரும்பாலும் தானே அறியப்படும். இங்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மின்னேற்றத்திற்கு மட்டுமே பயன்படும் மலிவான கேபிள்களால் இது நடவாது; தகவல் கடத்தும் கேபிளே வேண்டும். மேலும் கைப்பேசியின் மொபைல் டேட்டாவை முன்னதாகவே நிறுத்திவிட வேண்டும். இல்லையேல், வைஃபை அறுந்த நேரத்தில் சிம் கணக்கிலுள்ள டேட்டா முழுதும் கணிப்பொறியால் உறிஞ்சப்பட்டுவிடும்.

வாரத்தில் ஓரிரு நாட்கள் மட்டும் கணிப்பொறியில் இணையம் தேவைப்படும் இல்லத்திற்கு இவ்வழியே போதுமானது. நாள்தோறும் தேவைப்பட்டு, கைப்பேசியை விட்டுவைக்க முடியாதபோதுதான் அடுத்த வழிக்குச் செல்ல வேண்டும்.

சில நூறு ரூபாய் வழி

யு.எஸ்.பி. வைஃபை அடாப்டர் என்பது கட்டைவிரல் நகமளவிலிருந்து தீப்பெட்டியளவு வரை உள்ள சிறு கருவி. 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் மட்டும் இயங்கும் எளிய வகைகள் 500 ரூபாய்க்கு உள்ளும் புறமுமாகக் கிடைக்கின்றன. இரு வரிசையிலும் இயங்குபவை விலையில் சற்றுக் கூடுதல்.

அடாப்டரின் மேலுறையில் '150 மெகாபிட்', '300 மெகாபிட்' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்கலாகாது. அது அலையின் உச்ச அளவு; கணிப்பொறிக்கு வந்துசேர்வது அதில் பாதியோ, அதனினும் குறைவோதான். ஆனால் அதற்காக வருந்தவும் வேண்டுவதில்லை. தெளிவான படத்துடன் கூடிய பாடமொன்றைக் காண நொடிக்கு 5 மெகாபிட் அளவே போதும். பெட்டிக்கு வரும் இணைப்பே 40 அல்லது 50 மெகாபிட் ஆயின், அதைவிடப் பன்மடங்கு வேகமுள்ள அடாப்டரை வாங்குவதால் ஒரு பிரயோசனமும் இல்லை. மதகு சிறிதாயிருக்க வாய்க்காலை மட்டும் அகலமாக வெட்டுவதற்கு ஒப்பானது அச்செயல்.

வாங்கும்போது மேலுறையில் மூன்று விஷயங்களைப் பார்த்தல் வேண்டும். நாம் தாளில் குறித்துவைத்த இயங்குதளத்தின் பெயர் அதில் இருக்கிறதா? டபிள்யூ.பி.ஏ.2 என்னும் காவல் முறையை அது ஏற்கிறதா? பயன்படாவிடில் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் ரசீதில் எழுதித் தருகிறாரா? பழைய யந்திரங்களைப் பொறுத்தவரை இம்மூன்றாவது மிக முக்கியமானது.

ஜக்கார்டு பெட்டியைத் தறியின்மேல் ஏற்றிவிட்டால் மட்டும் துணியில் பூ விழுவதில்லை. அதற்குரிய துளையிட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்துப் பூட்ட வேண்டும். அதுபோலவே அடாப்டரைச் செருகினால் மட்டும் போதாது. அதை இயக்கும் முறையைக் கணிப்பொறிக்குச் சொல்லும் 'டிரைவர்' என்னும் நிரலையும் ஏற்ற வேண்டும். சில அடாப்டர்களில் இது உள்ளேயே பதிந்திருக்கும். சிலவற்றிற்குக் குறுந்தகடு தருவார்கள். குறுந்தகடு ஓட்டும் கருவி பழுதாயிருப்பின் அதனால் பயனில்லை. இணையத்திலிருந்து எடுக்கலாமெனில், இணையமே இல்லாததுதானே சிக்கல்! இதற்குத் தீர்வு மேற்சொன்ன கைப்பேசி வழியிலேயே இருக்கிறது. டெதரிங் மூலம் சிறிது நேரம் இணையத்தைப் பெற்று, அடாப்டரைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து, மாதிரி எண்ணைச் சரிபார்த்து, நிரலை எடுத்துக்கொள்ளலாம். பிற தளங்களிலிருந்து டிரைவர்களை எடுப்பது ஆபத்து. அவற்றோடு தீய நிரல்களும் உட்புகக்கூடும்.

பரணிலுள்ள பழைய பெட்டி

முன்பு வேறு இணைப்பு வைத்திருந்து கைவிட்டவர்களின் வீட்டில் பழைய ரூட்டர் ஒன்று பரணில் இருக்கக்கூடும். அதில் 'கிளையண்ட்' அல்லது 'ரிப்பீட்டர்' என்னும் முறை இருக்குமாயின், அதைக் கணிப்பொறியின் அருகில் வைத்து அலையை வாங்கும் கருவியாகப் பயன்படுத்தலாம். கணிப்பொறியிலிருந்து அதற்குச் சிறு லேன் கேபிள் ஒன்று போதும். ஊசித்துளை போன்ற மீட்டமைப்புப் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பழைய அமைப்புகளை நீக்கிவிட்டு, ரூட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் காணும் முகவரியைக் கணிப்பொறியின் உலாவியில் திறந்து அமைக்க வேண்டும்.

இவ்வழியின் சிறப்பு யாதெனில், கணிப்பொறிக்குத் தனியாக டிரைவர் எதுவும் வேண்டாம். அது வழக்கமான லேன் துளையையே பயன்படுத்துகிறது. அடாப்டருக்கு டிரைவர் கிடைக்காத மிகப் பழைய யந்திரங்களுக்கு இது உற்ற துணை. எல்லா ரூட்டர்களிலும் இம்முறை இருப்பதில்லை. ஆதலின் இதற்கென்று புதிய ரூட்டர் வாங்காமல், இருப்பதைச் சோதித்துப் பார்ப்பதோடு நிற்க வேண்டும்.

கணிப்பொறியைத் திறந்து உள்ளே பொருத்தும் வைஃபை கார்டுகளும் உண்டு. யந்திரத்தின் உட்பொருத்துவாய் பழைய பி.சி.ஐ. வகையா, பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வகையா என்று அறிந்தே வாங்க வேண்டும். ஒன்றிற்குரியது மற்றொன்றில் பொருந்தாது. பழக்கமில்லாதவர்கள் இதில் இறங்க வேண்டுவதில்லை.

கடைமடைக்கு அலை சேர

அலை மெலிவாக வந்தால் உடனே வேறு கருவி வாங்க முற்படலாகாது. முதலில் வைஃபை பெட்டியைத் தரையிலிருந்தும் அலமாரிக்குள்ளிருந்தும் எடுத்து, உயரமான திறந்த இடத்தில் வைக்க வேண்டும். இழைக் கம்பி மடிந்தால் உடையும்; ஆதலால் பெட்டியை வெகுதூரம் நகர்த்துவதாயின் இணைப்பு தருபவரின் ஊழியரைக் கொண்டே செய்விக்க வேண்டும். நடுவே இரும்புப் பீரோ நின்றால் அதை நகர்த்திப் பார்க்க வேண்டும். இரும்பு அலையைத் தடுக்கும்.

அடாப்டரைக் கணிப்பொறியின் பின்புறத்தில் செருகினால், யந்திரத்தின் இரும்புக் கூடே அதை மறைத்துவிடும். ஒரு மீட்டர் யு.எஸ்.பி. நீட்டிப்புக் கேபிள் வாங்கி, அடாப்டரை மேசைக்கு மேலே, பெட்டியிருக்கும் திசை நோக்கி உயர்த்தி வைத்தால் அலை கணிசமாக மேம்படும். நெருக்கமான தெருவில் பல வீட்டுப் பெட்டிகளின் அலைகள் ஒன்றோடொன்று மோதும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களே ஒன்றன்மேல் ஒன்று படியாதவை. இம்மூன்றில் நெரிசல் குறைந்த தடத்தைப் பெட்டியின் அமைப்பில் தெரிந்தெடுக்கலாம்.

காவல்

இதுவரை சொன்னது பணத்தை மிச்சம் பிடிக்கும் வழி. இனிச் சொல்வது இருக்கும் பணத்தைக் காக்கும் வழி. அங்கத்தினர்கள் இதை முன்னதைவிடக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம்.

வைஃபைக்கு வெப் என்னும் பழைய காவல் முறை 2001 ஆம் ஆண்டிலேயே உடைக்கப்பட்டுவிட்டது; அதைப் பயன்படுத்தவே கூடாது. 2004 இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 முறையையாவது வைக்க வேண்டும். 2018 இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்று பெட்டியில் அமைத்துவிட்டால் பழைய அடாப்டர்கள் இணையமாட்டா. இரண்டையும் ஏற்கும் அமைப்பே பொருத்தமானது. பெட்டியுடன் வந்த நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

இயங்குதளத்தைத் தயாரித்தவர்கள் அவ்வப்போது அனுப்பும் பாதுகாப்புத் திருத்தங்கள் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் போன்றவை. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 8.1க்கு 2023 ஜனவரி 10 அன்றும் அத்திருத்தங்கள் நின்றுபோயின. விண்டோஸ் 10க்குப் பொதுவான திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 உடன் முடிவுற்றன. நீட்டிப்பு ஏற்பாட்டில் பதிந்துகொண்டவர்க்கு மட்டும் மேலும் ஓராண்டு அளிக்கப்பட்டது. விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகள் நாம் பேசும் பழைய யந்திரங்களில் பெரும்பாலும் இல்லை.

இணையம் இல்லாதிருந்தவரை இக்குறை அந்த யந்திரத்தைப் பெரிதும் பாதிக்கவில்லை. இணைத்த நாள்முதல் அது தாழ்ப்பாளில்லாத கதவாகிறது. ஆகவே திருத்தம் நின்றுபோன கணிப்பொறியில் வங்கிக் கணக்கைத் திறப்பதோ, ஏ.டி.எம். கார்டு எண்ணை இடுவதோ, ஆதார் நகலைச் சேமித்து வைப்பதோ கூடாது. ஏமாற்றினால் பணம் இழந்தவர்கள் காலதாமதமின்றி 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

இதற்கும் செலவில்லாத பரிகாரம் உண்டு. லினக்ஸ் வகை இயங்குதளங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. திருத்தங்களும் தொடர்ந்து வருகின்றன. தமிழிலும் தட்டச்சு செய்யலாம். 64 பிட் செயலியும் 4 ஜி.பி. நினைவகமும் உள்ள யந்திரத்தில் அவற்றுள் எளிய வகைகள் நன்கு ஓடும். பென்டிரைவில் ஏற்றி, கணிப்பொறியில் நிறுவாமலே ஓட்டிப் பார்க்கும் வசதியும் உண்டு. அப்போதே அடாப்டரும் அச்சுயந்திரமும் இயங்குகின்றனவா என்று சோதித்துவிடலாம். நிறுவுமுன் படங்கள், வடிவங்கள், கணக்குகள் யாவற்றையும் வேறொன்றில் நகலெடுத்துக்கொள்ள மறக்கலாகாது. விண்டோசில் மட்டுமே ஓடும் வடிவ வரைவு மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர்கள், அந்த யந்திரத்தை இணையத்தில் சேர்க்காமல் வைத்திருப்பதே நலம்.

எங்கே நிறுத்துவது?

எந்தப் பழைய பொருளுக்கும் செலவிடுவதில் ஓர் எல்லை உண்டு. அந்த யந்திரத்தை இன்று விற்றால் என்ன விலை கிடைக்குமோ, அதற்குமேல் அதன்மீது செலவிடலாகாது என்பதை விதியாகக் கொள்ளலாம். நினைவகம் 1 ஜி.பி. மட்டுமே உள்ள யந்திரத்திற்கு 500 ரூபாய் அடாப்டரும் வீண்செலவே. இன்றைய இணையப் பக்கங்களை அது தாங்காது.

சங்கங்களும் இதில் ஒரு பங்கு வகிக்கலாம். அடாப்டர் ஒன்றையும், டிரைவர்கள் அடங்கிய பென்டிரைவ் ஒன்றையும் சங்க அலுவலகத்தில் வாங்கி வைத்து, தேவையான அங்கத்தினர் ஓரிரு நாள் எடுத்துச் சென்று தம் வீட்டில் சோதித்துப் பார்க்க இடமளிக்கலாம். பொருந்துவது உறுதியானபின் வேண்டியவர்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். தவறான பொருள் வாங்கிய நஷ்டமும் இராது. ஒருவர் அறிந்ததைப் பலர் பயன்படுத்திக்கொள்வதற்குத்தானே சங்கம் இருக்கிறது?

படிப்பு வட்டங்களுக்கான வினாக்கள்

1. கைப்பேசி இணையும் வைஃபையில் பழைய மேசைக் கணிப்பொறி இணையாததற்குக் காரணம் யாது?

2. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் வரிசைகளுள் பின்கட்டு அறைக்கு ஏற்றது எது? ஏன்?

3. செலவில்லாத இரு வழிகளைக் கூறி, ஒவ்வொன்றும் எத்தகைய இல்லத்திற்குப் பொருந்தும் என்று விளக்குக.

4. வீட்டு இணைப்பு 50 மெகாபிட் ஆயின், 1,200 மெகாபிட் அடாப்டர் வாங்குவது தகுமா?

5. உங்கள் வீட்டுக் கணிப்பொறியின் இயங்குதளம் எது? அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வருகிறதா? வரவில்லையெனில் அதில் செய்யக்கூடாத காரியங்கள் எவை?